வண்டக்காவும் ஒரு சாண் பூரானும்

நான் முதன்முதலில் பார்த்தபோது அந்த அக்காவின் வாயில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. குழாயின் மறுமுனை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் போயிருந்தது. குப்பியிலிருந்து இன்னொரு குழாய் நீண்டு, மரக்கூண்டின் வெள்ளைத் துணிமேல் ஊர்ந்துகொண்டிருந்த கறுப்புப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. தொட்டதும் புள்ளி காணாமல் போய்க் குப்பிக்குள் விழுந்தது.

எனக்கு அது வேலையில் முதல் நாள். கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டியே பழகிய குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புது ஷூ சத்தம் போட, "அக்கா, மேனேஜர் ரூம் எது?" என்று கேட்டேன்.

அவர் இடது கையைத் தூக்கி 'பொறு' என்று காட்டினார். இன்னும் நான்கு புள்ளிகள் குப்பிக்குள் போயின. குழாயை எடுத்து முனையை மடக்கிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"நடுவுல பேசினா மூச்சு வெளியே போயிடும், உறிஞ்சினது எல்லாம் திரும்பி வந்துடும். அதான். ரெண்டாவது கதவு. புது சாரா?"

"ஆமா."

"ஷூ நல்லாத்தான் இருக்கு. அதோட உள்ள வராதீங்க. கீழ பாதிப் பேர் நடந்துட்டிருக்காங்க."

பேர் என்று அவர் சொன்னது வண்டுகளை.

அது பெரிய நாற்றுப் பண்ணை. பத்து பசுமைக்குடில்கள், ஆறில் அலங்காரச் செடிகள், நான்கில் திராட்சைக் கன்றுகள். இந்த இரண்டையும் பிடித்து ஆட்டுவது மாவுப்பூச்சி. இலையடியில் பஞ்சு ஒட்டினாற்போல் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே மெழுகு பூசியிருப்பதால் மருந்து அடித்தாலும் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதைத் தின்பதற்கென்றே ஒரு பொறிவண்டு இருக்கிறது. மல்லி விதை அளவுதான். கறுப்பு உடம்பு, செம்பழுப்புத் தலை. அந்த வண்டை வளர்ப்பதுதான் அக்காவின் வேலை. அதனால் பண்ணை முழுக்க அவருக்கு வண்டக்கா என்றே பெயர்.

முதல் நாளே அவரிடம் என் வேளாண் படிப்பைக் காட்டப் போய் மாட்டிக்கொண்டேன். வண்டுக்குத் தீனி வேண்டும் என்பதற்காகப் பரங்கிக்காய்மேல் மாவுப்பூச்சியை வளர்ப்பார்கள். காய் முழுக்க வெள்ளை பூத்ததும் கூண்டுக்குள் வைத்து வண்டை விடுவார்கள். ஒரு கூண்டைத் திறந்து பார்த்தேன். வண்டு ஒன்றும் இல்லை, காயெல்லாம் ஒரே வெள்ளை. "இந்தக் கூண்டு வீணாப் போச்சு. மாவுப்பூச்சி அளவுக்கு மீறிடுச்சு. காயைக் கழுவிட்டு மறுபடி ஆரம்பிக்கணும்" என்றேன்.

அக்கா ஒரு தூரிகையை எடுத்து அந்த வெள்ளைகளில் ஒன்றைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினார். அது குடுகுடுவென்று ஓடியது.

"மாவுப்பூச்சி இப்படி ஓடுமா சார்?"

ஓடாது. அது வண்டின் புழு. தான் தின்கிற பூச்சியைப் போலவே வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொண்டு அதன் நடுவிலேயே மேயும். புத்தகத்தில் படம் போட்டுப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

"பரவாயில்ல சார். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் ரெண்டு கூண்டைக் கழுவிட்டுத்தான் கேட்டார்" என்றார்.

அக்கா பத்தாவதில் கணக்கில் தவறியவர். முதலில் பேக்கிங் கூடத்தில் செடித்தொட்டிகளைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சேர்வதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விற்பனையாளர் மாதிரிக்கு என்று நாற்பது வண்டுகளைக் குப்பியில் வைத்துவிட்டுப் போனார். ஓனரம்மா அதைக் கையில் கிடைத்தவரிடம் கொடுத்து, "இதை என்னன்னு பாரு" என்றார். கையில் கிடைத்தவர் அக்கா. முதல் வாரத்தில் இருபத்தாறு செத்தன. மீதி பதினாலு. வெயில் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எந்தக் காய் சீக்கிரம் அழுகும், எது இரண்டு மாதம் தாங்கும் என்று ஒவ்வொன்றையும் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டார். அந்தப் பதினாலிலிருந்து வந்தவைதான் அப்போது இருந்த நாலாயிரமும். நடுவில் வெளியிலிருந்து ஒரு வண்டுகூட வாங்கவில்லை. எதிலும் பெருமை பேசாதவர் இதை மட்டும் யார் வந்தாலும் சொல்லிவிடுவார்.

அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மாலையில் கூப்பிட வருபவர் வாசலிலேயே நின்று, "வீட்டுல உன்னையும் சேர்த்து நாலு பேர் இருக்கோம். ஞாபகம் இருக்கா, இல்ல எண்ணிக்கை குழம்பிடுச்சா?" என்பார். "இங்க நாலாயிரமும் சொன்ன பேச்சைக் கேக்குது, நீங்க ஒருத்தர் கேக்கறீங்களா?" என்று உள்ளிருந்து பதில் வரும்.

நான் சேர்ந்து ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது நடந்தது. பேக்கிங் கூடத்திலிருந்துதான் வண்டறைக்குக் கதவு. அந்தக் கதவை ஒட்டி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பேக்கிங் பெண் ஒருத்தி பெட்டியை எடுக்கக் கையை விட்டாள். அலறினாள். பெட்டி விழுந்ததும் அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் செம்பழுப்பாக ஒன்று வழிந்து, கதவிடுக்கு வழியாக வண்டறைக்குள் போனதை மூன்று பேர் பார்த்தார்கள். பூரான். சாதாரணமாகக் குளியலறையில் விரல் நீளத்துக்கு ஓடுமே, அது இல்லை. விரல் தடிமன் இருந்தது என்று ஒருத்தி கையைக் காட்டினாள்.

பெண்ணின் விரலில் இரண்டு சின்னப் புள்ளிகள். அரை மணி நேரத்தில் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. மருத்துவமனையில் ஊசி போட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை, வலி மட்டும் இரண்டு நாள் இருக்கும் என்று அனுப்பினார்கள். ஆனால் மதியத்துக்குள் பேக்கிங்கில் ஒருத்தியும் பெட்டியைத் தொடவில்லை. எல்லோரும் காலைத் தூக்கி ஸ்டூல் கம்பிமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஓனரம்மா வந்தார். நல்ல மனுஷி, ஆனால் முடிவெடுத்துவிட்டுத்தான் யோசிப்பார்.

"எப்படி உள்ள வந்துச்சு?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெரியலம்மா" என்றார் அக்கா. சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். அதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உன் வண்டு நாலாயிரம் இருக்கே. அதுவும் பூச்சியைத் தின்னுற பூச்சிதானே? எல்லாம் சேர்ந்து ஒரு பூரானைத் தின்னக் கூடாதா?"

அக்கா சிரித்துவிட்டார். "அதுக்கு வாயே இல்லம்மா அந்த அளவுக்கு."

ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவன். நீ சொல்லு."

படித்தவன் சும்மா இருப்பானா? சொன்னேன். இரண்டும் வேட்டையாடுபவைதான், ஆனால் வேட்டை வேறு. வண்டுக்கு மாவுப்பூச்சியும் அதைப் போன்ற இரண்டு மூன்று பூச்சிகளும்தான் சாப்பாடு. அது இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். விஷம் கிடையாது, இரண்டு மூன்று மாதத்தில் ஆயுள் முடிந்துவிடும். பூரான் அப்படியில்லை. தலைக்குக் கீழே முதல் ஜோடிக் கால்களே விஷக் கொடுக்கு. அசைவது எதுவானாலும் பிடிக்கும், கரப்பான், பல்லி, சுண்டெலிக் குட்டி வரை. வருஷக்கணக்கில் வாழும். "அதனால வண்டு பூரானைத் தின்னாதும்மா. பூரான்தான் வண்டைத் தின்னும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"அப்போ சரியாப் போச்சு" என்றார் ஓனரம்மா. "பூரான் இருந்தாலும் வண்டு போயிடும், மருந்து அடிச்சாலும் வண்டு போயிடும். அடிச்சுட்டா ஒரே வேலை. வியாழக்கிழமை மூணு மணிக்கு ஆளை வரச் சொல்றேன். வண்டறை, பேக்கிங், ரெண்டுக்கும் சேர்த்து."

மருந்து அடித்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்கும் எனக்கும் தெரியும். பறக்கிற வண்டுகளைக் குப்பியில் பிடித்து வெளியே எடுக்கலாம். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் காயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அறுபது காயையும் கூண்டோடு எங்கே கொண்டுபோவது? எடுத்தாலும் அந்தச் சுவரில் மருந்து இரண்டு மூன்று மாதம் நிற்கும். அதுவரை வண்டு அந்த அறைக்குள் உயிரோடு இருக்காது. எட்டு வருஷத்துத் தொடர்ச்சி அறுந்துவிடும். அறையை மூடிவிட்டால் அக்காவுக்கு மறுபடியும் செடித்தொட்டி கட்டுகிற வேலைதான்.

"நான் புடிச்சுக் குடுத்துட்டா?" என்றார் அக்கா.

"வியாழக்கிழமை மூணு மணிக்குள்ள புடிச்சு என் கண்ணுல காட்டு. ஆளைத் திருப்பி அனுப்பிடறேன்."

புதன்கிழமை முழுக்கத் தேடினோம். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை தடித்த கையுறை, பெரிய இடுக்கி, டார்ச். கூண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். கழுவுதொட்டிக்குக் கீழே, சாக்கடை மூடிக்கு அடியில், மின்பெட்டிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தோம். எட்டுக் கரப்பான் கிடைத்தது. பூரான் இல்லை. அறையின் கிழக்கு மூலையில் நனைந்த சாக்கு போர்த்தி ஒரு குவியல் இருந்தது.

"அங்க பாக்கலையே அக்கா?"

"அங்க இருக்காது சார்."

"ஏன்?"

"இருக்காது."

எனக்கு அது பழைய சாக்கு என்றுதான் நினைப்பு. வெளியே பேக்கிங் பெண்கள், "வண்டக்கா, பூரான் கிடைச்சா அதுக்கும் ஒரு கூண்டு போட்டுடுங்க, பூரானக்கான்னு பேரை மாத்திடறோம்" என்று கத்தினார்கள். அக்கா எப்போதும் பதில் வைத்திருப்பவர். அன்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், மூடினார்.

"சார், பொய் சொல்லிட்டேன்."

"எதை?"

"அது எங்க இருக்குன்னு எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். பாக்கலை. ஆனா தெரியும். வண்டு எங்க இருக்குன்னு கேட்டா தீனி எங்கன்னு பாக்கணும். பூரானும் அப்படித்தானே? ஈரமா, இருட்டா, கரப்பான் இருக்கற இடம். இந்த அறையில அது ஒண்ணே ஒண்ணுதான்."

சாக்கு மூலையைக் காட்டினார்.

விஷயம் இதுதான். வண்டு வெளிவந்து முடிந்த காயை வாராவாரம் வெளியே எறிந்துவிட வேண்டும். அது விதி. ஆனால் எல்லா வண்டும் ஒரே நாளில் வெளியே வராது. இரண்டு மூன்று கூட்டுப்புழு பின்தங்கி, காயின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எறிய அக்காவுக்கு மனசு வராது. இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று மூலையில் ஒதுக்கி வைப்பார். கூட்டுப்புழு காய்ந்துவிடக் கூடாது என்று சாக்கை நனைத்துப் போடுவார். காய் அழுகும். அழுகினால் கரப்பான் வரும். கரப்பான் வந்தால் அதைத் தின்ன யார் வருவார்கள் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"பின்தங்கினது எத்தனை வரும் அக்கா, மொத்தமா?"

"வாரத்துக்கு ஒரு முப்பது."

"நாலாயிரத்துல முப்பதா?"

"பதினாலுல இருந்து வந்தவங்க சார் நாங்க" என்றார். நாங்க என்றுதான் சொன்னார்.

மணி ஒன்றரை. மருந்தடிக்கிறவர் முன்கூட்டியே வந்து, வாசலில் மருந்துத் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார். "பூரான் எல்லாம் எனக்கு ஒரு லிட்டர் வேலை. கரையானுக்குத்தான் கஷ்டம்" என்ற குரல் உள்ளே கேட்டது.

சாக்கை இடுக்கியால் விலக்கினோம். இருபத்திரண்டு பரங்கிக்காய். அடியில் கிடந்தவை மெத்து மெத்தென்று ஆகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நாற்றம் மூக்கைத் துளைத்தது. அக்கா ஒவ்வொரு காயாக இரண்டு கையாலும் அடியோடு தூக்கி, திருப்பிப் பார்த்து, என் பக்கம் தள்ளினார். நான் அகலமான பிளாஸ்டிக் தொட்டியை மூடியோடு தயாராகப் பிடித்திருந்தேன். ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் கரப்பான்கள் நாலாபுறமும் ஓடின. ஒவ்வொன்றிலும் கூட்டுப்புழு இருக்கிறதா என்று அக்கா கண் போவதையும், அதை அவரே இழுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்புவதையும் பார்த்தேன்.

பத்தொன்பதாவது காய் பாதி உள்ளே குழிந்திருந்தது. தூக்கியவர் அப்படியே நின்றார்.

"அசையாதீங்க."

குழிக்குள் சுருண்டு படுத்திருந்தது. ஓடவில்லை. ஒரு சாண் உடம்பையும் வளையமாகச் சுற்றி, எல்லாக் கால்களையும் உள்பக்கம் மடக்கி எதையோ கட்டிப் பிடித்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சளில் சின்னச் சின்ன மணிகள், முப்பது நாற்பது இருக்கும்.

"முட்டையா சார்?"

"முட்டைதான். பொரியற வரைக்கும் இப்படியே இருக்குமாம். சாப்பிடாதுன்னு படிச்சிருக்கேன்."

அக்கா காயைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம ஆளுங்க முட்டையைப் போட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. தீனி குறைஞ்சா ஒரு புழு இன்னொரு புழுவையே தின்னும். எட்டு வருஷமா பாக்கறேன். இது என்னடான்னா இப்படிப் படுத்திருக்கு."

"அப்போ எது அக்கா நல்ல பூச்சி?"

"நல்லது கெட்டது என்ன சார் இதுல? வேலைக்கு ஆகறது, ஆகாதது. தொட்டியைக் கிட்ட கொண்டாங்க."

காயோடு சேர்த்துத் தொட்டிக்குள் இறக்கினார். மூடியை நான் அழுத்தினேன்.

ஓனரம்மாவின் அறைக்குத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் அக்கா மூடியின் காற்றுத் துளை வழியே எட்டிப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னக்கா?"

"முட்டையைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு. கலைச்சுட்டோம்ல. சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் சார், இதுவும் நம்ம ஆளுங்க மாதிரிதான்."

ஓனரம்மா மேசையை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றபடிதான் பார்த்தார். "அடேயப்பா" என்றார். பிறகு, "எங்க இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு அக்கா கூண்டுக்குப் பின்னால் என்று சொல்லியிருக்கலாம். சாக்கடை என்று சொல்லியிருக்கலாம். நான் மறுத்திருக்க மாட்டேன். அக்கா தொட்டியைத் தரையில் வைத்தார்.

"மூலையில பழைய காய் குவிச்சு வச்சிருந்தேன்மா. இருபத்திரண்டு காய். எறியணும், எறியல. கரப்பான் அதுக்கு வந்துச்சு, இது கரப்பானுக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணு கை வீங்கினதுக்கு நான்தான் காரணம். அன்னைக்குத் தெரியலன்னு சொன்னது பொய்."

ஓனரம்மா சுவரை விட்டு நகர்ந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எட்டு வருஷமா அந்த அறைச் சாவியை உன் கையில குடுத்திருக்கேன்" என்றார் ஓனரம்மா.

"வாங்கிக்கோங்கம்மா." அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேசைமேல் வைத்தார். "என்னைப் பேக்கிங்குக்கு அனுப்புனாலும் சரி. அறைக்கு மட்டும் மருந்து அடிக்காதீங்க. தப்பு பண்ணினது வண்டு இல்ல."

ஓனரம்மா என்னைப் பார்த்தார். படித்தவனை இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டார்.

"காலையில எங்கிட்ட வந்து வாங்கிக்கோ. சாயந்திரம் எங்கிட்ட குடுத்துட்டுப் போ. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நானே வந்து மூலை மூலையா பாப்பேன். ஒரு பழைய காய் இருந்துச்சு, அடுத்த நாள் மருந்துதான். முதல்ல போய் அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லிட்டு வா."

பூரான் இருந்த தொட்டியை மருந்தடிக்கிறவரிடம் கொடுத்தார் அக்கா. "சும்மா போக வேண்டாம், இதை முடிச்சுட்டுப் போங்க" என்றார். அவர் அதைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனார். அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய், மீதிக் காய்களைக் குப்பை வண்டியில் ஏற்றினார். கூட்டுப்புழு ஒட்டியிருந்தவற்றையும் சேர்த்துத்தான்.

மாலையில் கணவரின் வேனிலேயே அந்தப் பெண் வீட்டுக்குப் போனார்கள். அவள் கையைத் துணியில் தொங்கவிட்டபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வண்டு மேல எனக்குக் கோபமில்லக்கா, உங்க மேல இருக்கு" என்றாளாம். நியாயம்தான் என்று அக்கா மறுநாள் என்னிடம் சொன்னார். மூன்று மாதம் அவள் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினாள். பிறகு கூடுதல் சம்பளத்துக்கு வேறு பண்ணைக்குப் போய்விட்டாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் இப்போது இன்னொரு ஊரில் வேளாண் விரிவாக்க அலுவலர். வண்டு தேவைப்படும் விவசாயிகளை அக்காவிடம்தான் அனுப்புகிறேன். வண்டறையைப் பேக்கிங் கூடத்திலிருந்து பிரித்து, சிமெண்டுத் தரை போட்ட தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அக்காவுக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வாரம் ஆறாயிரம் வண்டு வெளியே போகிறது. மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வணிகவியல். பூச்சி என்றால் அவளுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை காலையில் முடிந்த காயெல்லாம் வண்டியேறிவிடுகிறது. ஓனரம்மா மூலைகளைப் பார்க்க வருவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டது. சாவி மட்டும் இன்னும் அலுவலக இழுப்பறையில்தான் இருக்கிறது. அக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.